போலிச் செயலியும் நம் பொறுப்பும்

(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

இம்மேடையில் புலவர்கள் பேசியிருக்கின்றனர், மருத்துவர்கள் பேசியிருக்கின்றனர். நானோ பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். இரயில்வேயில் எழுத்தராய்ப் பணிபுரிந்து நாற்பத்தாறு வயதை எட்டியவன். கணிப்பொறியைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் வினவலாம். வினவுவது முறையே. நான் பேசவிருப்பது ஒரு திருட்டைப் பற்றி. அத்திருட்டில் பொருளை இழந்தவன் நான். அறியாமலே திருடனை நம் சங்கத்துக்குள் அழைத்து வந்தவனும் நானே. வேறு தகுதி எனக்கு இல்லை. ஆயினும் இப்பொருளைப் பேசுவதற்கு இத்தகுதி போதும் என்று நம் செயலாளர் அவர்கள் கருதி, என்னைப் பேசுமாறு பணித்தார்கள். அப்பணிவிடைக்கு இணங்கி நிற்கின்றேன்.

மட்டாஞ்சேரியில் வாழும் நமக்கு மிளகைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கடைத்தெரு வழியே நடந்தாலே அதன் மணம் நம் உடையில் ஏறிவிடும். நம்மவர் பலர் மூட்டை தூக்கியும், கணக்கெழுதியும், எடை போட்டும் இத்தெருவில் பிழைத்தவர்கள். அவர்களைக் கேட்டால் ஒன்று சொல்வார்கள். காய்ந்த பப்பாளி விதையை மிளகோடு கலந்துவிட்டால் பார்வைக்கு வேறுபாடு தெரியாது. நிறமும் ஒன்று, அளவும் ஒன்று. ஒரு குவளை நீரில் இட்டால், முற்றிய மிளகு அடியில் தங்கும். பப்பாளி விதை மிதக்கும். கண்ணை நம்பினால் ஏமாற்றம். சோதனையை நம்பினால் தெளிவு. நம் கைப்பேசிக்கு வரும் செயலிகளும் இத்தகையனவே. மெய்யும் பொய்யும் ஒரே நிறம், ஒரே முத்திரை, ஒரே பெயர். நீரிலிட்டுப் பார்க்கும் சோதனை எது என்பதே இன்றைய என் பேச்சின் பொருள்.

முதற்கண் நடந்ததைக் கூறிவிடுகின்றேன்.

2025-ஆம் ஆண்டு ஆடித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொரு மணி இருக்கும். என் கைப்பேசிக்கு வாட்ஸ்அப் வழியே ஒரு செய்தி வந்தது. அனுப்பியவரின் படம் இருக்க வேண்டிய இடத்தில் அரசு முத்திரை இருந்தது. ‘உமது இருசக்கர வண்டி போக்குவரத்து விதியை மீறியுள்ளது, அபராதச் சீட்டைக் காண இத்துடன் உள்ள செயலியை நிறுவுக’ என்பது செய்தி. என் வண்டியின் எண் பிழையின்றி எழுதப்பட்டிருந்தது. அதற்கு முந்திய நாள்தான் நான் தலைக்கவசம் அணியாமல் தோப்பும்படி வரை மருந்து வாங்கச் சென்று வந்திருந்தேன். கேரளத்தில் 2023 ஜூன் முதல் சாலையோரக் கேமராக்கள் குற்றத்தைப் படம் பிடித்து அபராதம் விதிப்பதை நீங்கள் அறிவீர்கள். அத்திட்டத்தில் மாநிலமெங்கும் 726 கேமராக்கள் நிறுவப்பட்டன. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சும் குறுகுறுத்தது. ஆராயாமல் அழுத்தினேன்.

கைப்பேசி என்னைத் தடுத்தது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ‘இது தெரியாத இடத்திலிருந்து வருவது, தீங்கு விளையலாம்’ என்று அஃது எச்சரித்தது. நான் ‘பரவாயில்லை’ என்ற பொருளில் அழுத்தினேன். பிறகு அச்செயலி, ‘உமது குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதிப்பீரா?’ என்று கேட்டது. அனுமதித்தேன். அபராதத்தைப் பார்க்கும் முன் ஒரு ரூபாய் சரிபார்ப்புக் கட்டணம் செலுத்துமாறு கேட்டது. ஒரு ரூபாய்தானே என்று என் வங்கி அட்டையின் எண்களை எல்லாம் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். அதன்பின் திரையில் ஒரு சக்கரம் சுழன்றுகொண்டே இருந்தது. இணைப்புச் சரியில்லை போலும் என்று கைப்பேசியை வைத்துவிட்டு உணவருந்தச் சென்றேன்.

பிற்பகல் மூன்றரை மணிக்குத் தேநீர்க் கடையில் இருபது ரூபாய் செலுத்த முயன்றேன், செல்லவில்லை. மீண்டும் முயன்றேன், செல்லவில்லை. கணக்கைத் திறந்து பார்த்தால் மூன்று ரூபாய் இருந்தது. நாற்பதாயிரமாக ஒரு முறையும், இருபத்திரண்டாயிரத்து நானூறாக மறுமுறையும், என் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று சேர்த்திருந்த 62,400 ரூபாய் போய்விட்டது. வங்கியின் குறுஞ்செய்திகளை நான் காணவே இல்லை. எனக்கு முன் அச்செயலி அவற்றைப் படித்து, மறைத்துவிட்டது.

அன்பர்களே, இதற்குப் பின் நான் செய்ததே பெரும்பிழை. தேநீர்க் கடைக்காரருக்குக் கடன் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. ‘இரயில்வேயில் வேலை பார்ப்பவன், நாலு பேருக்குப் புத்தி சொல்பவன், இப்படி ஏமாந்தான்’ என்று பிறர் சொல்வரே என்னும் வெட்கம் என் வாயை அடைத்தது. ஞாயிற்றுக்கிழமை வங்கி இல்லை. திங்கட்கிழமை காலை போய்ப் பார்ப்போம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐந்து மணி அளவில் என் வாட்ஸ்அப் தானாகவே வெளியேறிவிட்டது. அதையும் பொருட்படுத்தவில்லை.

அந்நேரத்தில் என் பெயரில், என் படத்தோடு, அதே போலிச் செயலி நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பப்பட்டது. அனுப்பியவன் திருடன், ஆயினும் பார்த்தவர்களுக்கு அஃது என் கை. பலர் ஐயுற்று விட்டுவிட்டனர். செறளாயிப் பக்கத்தில் துணி தேய்க்கும் கடை வைத்திருக்கும் நம் பெரியவர் ஒருவர் மட்டும் திறந்துவிட்டார். துணி கொண்டுபோய்க் கொடுக்க அவரிடம் ஒரு பழைய மொபெட்டு உண்டு. அபராதம் என்றால் அவருக்கும் அச்சந்தானே? ஆறு மணிக்குள் அவர் கணக்கிலிருந்து 18,400 ரூபாய் போயிற்று.

அவர் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி இருக்கிறாள். வங்கியின் பெயரைப் பார்த்ததும் அச்சிறுமி தாத்தாவின் கைப்பேசியில் இணையத்தை நிறுத்தினாள். தன் தாயின் கைப்பேசியிலிருந்து 1930 என்னும் எண்ணை அழைத்தாள். பணம் போய் இருபது நிமிடங்கூட ஆகவில்லை. பதினெட்டாயிரத்து நானூறில் பதினைந்தாயிரம் இடைவழியிலேயே முடக்கப்பட்டது. சில மாதங்கள் நடந்தபின் அவர் கணக்குக்கே திரும்பியது. நான் மறுநாள் காலை பத்து மணிக்கு வங்கியின் முன் நின்றேன். என் பணம் அதற்குள் பல கணக்குகளைக் கடந்து, ரொக்கமாகவும் எடுக்கப்பட்டிருந்தது. இன்றுவரை ஒரு காசும் திரும்பவில்லை. படித்த எழுத்தன் பதினெட்டு மணி நேரம் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தான். பள்ளிச் சிறுமி இருபது நிமிடத்தில் செயல்பட்டாள்.

திங்கட்கிழமை மாலை பெரியவரின் கடைக்குச் சென்றேன். என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். தேய்ப்புப் பெட்டியை ஓரமாய் வைத்துவிட்டு அவர் சொன்னார்: “தம்பி, காசு போனதை விட, நீங்க அனுப்பினதுன்னு நம்பித் திறந்தேன் பாருங்க, அதுதான் மனசுக்கு என்னவோ போல இருக்கு.” முடக்கப்படாமல் போன 3,400 ரூபாயை இரு தவணையில் அவரிடம் கொடுத்தேன். மறுக்காமல் எண்ணி வாங்கிப் பெட்டியில் வைத்தார். எனக்குச் சற்றே மூச்சு வந்தது. புறப்படும்போது, “இதைச் சங்கத்துல எல்லார் முன்னாலும் சொல்லிடுங்க தம்பி. மூடி வச்சா அடுத்த வீட்டுக்காரன் மாட்டுவான்” என்றார். அவர் சொல்லை நிறைவேற்றவே இன்று நிற்கின்றேன்.

நிற்க. இத்தீங்கு எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. அதே 2025 ஜூலைத் திங்களில், போக்குவரத்து அபராதம் என்று சொல்லிப் போலிச் செயலியைப் பரப்பிய வழக்கில் கொச்சிக் காவல்துறையின் சைபர் பிரிவினர் உத்தரப் பிரதேசத்து வாரணாசி வரை சென்று இருவரைக் கைது செய்தனர். கேரளம், தமிழ்நாடு, கருநாடகம் முதலிய மாநிலங்களின் ஏறத்தாழ 2,700 வண்டிகளின் விவரங்கள் அவர்களிடம் இருந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. என் வண்டி எண் திருடனுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் வியந்ததற்கு விடை ஒருவாறு அப்போது கிடைத்தது. நம் விவரம் ஒருவனுக்குத் தெரிந்திருப்பதனாலேயே அவன் அரசு அலுவலன் ஆகிவிட மாட்டான் என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

என் துறையிலேயே மற்றொரு சான்று உண்டு. 2023 ஏப்ரலில் இரயில்வேயின் பயணச்சீட்டு நிறுவனமாகிய ஐ.ஆர்.சி.டி.சி. பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. ‘ஐ.ஆர்.சி.டி.சி. கனெக்ட்’ என்னும் பெயரில் ஒரு போலிச் செயலி வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் சுற்றுகின்றது. அதை நிறுவ வேண்டா என்பது அவ்வெச்சரிக்கை. மெய்யான செயலியின் பெயர் ‘ஐ.ஆர்.சி.டி.சி. ரெயில் கனெக்ட்’. ஒரு சொல்தான் வேறுபாடு. அந்நாளில் எத்தனையோ பயணிகளுக்கு நான் இதை எடுத்துச் சொன்னேன். ஊருக்கு உபதேசம் செய்தவன், தன் வண்டி எண்ணைக் கண்டதும் உபதேசத்தை மறந்தான்.

போலிகள் அணியும் வேடம் பல. திருமண அழைப்பிதழ் என்று வரும். மின் கட்டண நிலுவை என்று வரும். வங்கியின் பரிசுப் புள்ளி என்று வரும். உழவர் உதவித்தொகை என்று வரும். இளைஞர்களுக்கு வேறு வேடம். விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளை இலவசமாய்த் தருகின்றோம் என்று முகநூலிலும் யூடியூபிலும் இணைப்பு வரும். படத்தைத் திருத்தும் மென்பொருள், விளையாட்டு, செயற்கை அறிவுக் கருவி என்று எது புகழ் பெறுகின்றதோ அதன் பெயரை அணிந்துகொள்ளும். முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனம் 2023 மே மாதத்தில், சாட்ஜிபிடி முதலியவற்றின் பெயரைப் பயன்படுத்திய ஆயிரத்துக்கு மேற்பட்ட தீய இணைப்புகளைத் தன் தளங்களில் பகிராதவாறு தடுத்ததாக அறிவித்தது. எனவே இவ்வலை படியாதவரை மட்டும் பிடிப்பதன்று. படித்தவரைப் படிப்பின் வழியாகவே பிடிப்பது.

இழப்பின் அளவையும் கூறுவேன். நடுவண் உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தபடி, இணையவழி மோசடிகள் அனைத்தாலும் 2024-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டு மக்கள் இழந்தது ஏறத்தாழ 22,845 கோடி ரூபாய். உடனே புகார் செய்ததனால் 2021 முதல் 2025-இன் நடுப்பகுதி வரை காக்கப்பட்டது 5,400 கோடி ரூபாய்க்கு மேல். காக்கப்பட்ட அத்தொகை அனைத்தும், அந்தப் பேத்தியைப் போல் காலம் தாழ்த்தாமல் அழைத்தவர்களின் பணம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி இத்திருட்டின் பொறியமைப்பை எளிய முறையில் விளக்குவேன். ஆண்டிராய்டு கைப்பேசிகளில் ஒரு செயலி ‘ஏ.பி.கே.’ என்னும் பொதியாக வரும். கூகுளின் பிளே ஸ்டோரிலிருந்து நாம் எடுக்கும்போது, அப்பொதியை ஒருவாறு சோதித்த பின்னரே நமக்குத் தருகின்றனர். வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ நேரே வரும் பொதி எவருடைய சோதனைக்கும் உட்படாதது. எங்கள் பார்சல் அலுவலகத்தில் அனுப்புநர் பெயரும், உள்ளிருக்கும் பொருளின் விவரமும், எடையும் பதியாமல் ஒரு மூட்டையை ஏற்க மாட்டோம். மேடையில் ஒருவர் கையில் திணித்துவிட்டுப் போகும் மூட்டைக்கு எந்தப் பதிவும் இல்லை. ஏ.பி.கே. அத்தகைய மூட்டை.

நிறுவிய பின் செயலி கேட்கும் அனுமதிகளைச் சாவிகள் என்று கொள்க. குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதி, வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்ணை, அஃதாவது ஓ.டி.பி.யைத் திருடனுக்குக் கொடுக்கும் சாவி. அறிவிப்புகளைப் பார்க்கும் அனுமதி மற்றொரு சாவி. ‘அணுகல்தன்மை’ என்னும் அனுமதி தலைமைச் சாவி; அதைப் பெற்ற செயலி திரையில் உள்ளதைப் படிக்கவும், நமக்குப் பதிலாகத் தானே அழுத்தவும் வல்லது. என் வாட்ஸ்அப் எவ்வாறு பறிபோயிற்று? திருடன் தன் கைப்பேசியில் என் எண்ணைப் பதிந்தான். அதற்கான ஆறு இலக்க எண் எனக்குக் குறுஞ்செய்தியாய் வந்தது. போலிச் செயலி அதைப் படித்து அவனுக்கு அனுப்பியது. நான் கொடுத்த ஒரு சாவி பல பூட்டுகளைத் திறந்தது.

அடுத்து, தப்பும் வழிகள்.

முதலாவது, வாட்ஸ்அப், டெலிகிராம், முகநூல், குறுஞ்செய்தி ஆகிய எவ்வழியில் வந்தாலும், எவர் அனுப்பினாலும், செயலியை அங்கிருந்து நிறுவாதீர்கள். எவர் அனுப்பினாலும் என்பதை அழுத்திச் சொல்கின்றேன். நான் அனுப்பினாலும், தலைவர் அவர்களே அனுப்பினாலும் கூடாது. வேண்டிய செயலியைப் பிளே ஸ்டோருக்கு நாமே சென்று தேடி, அதை வெளியிட்டவர் பெயரையும் பார்த்து எடுக்க வேண்டும். அங்கும் போலி எப்போதாவது நுழைவதுண்டு; ஆதலின் பெயரைப் பார்ப்பது இன்றியமையாதது.

இரண்டாவது, அபராதம் என்று செய்தி வந்தால் அச்செய்திக்குள் உள்ள எதையும் தொடாமல், பரிவாகன் என்னும் அரசுத் தளத்தின் மின்சலான் பகுதியை நாமே திறந்து, வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். மெய்யான அபராதம் அங்கே இருக்கும். அரசுத் தளங்களின் முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடியும். முதலில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்து மயங்கலாகாது. இரயிலின் முன்பலகையில் எந்த ஊர்ப் பெயரையும் ஒட்டலாம். அது போய்ச் சேரும் ஊரே முக்கியம்.

மூன்றாவது, கைப்பேசியின் அமைப்புகளில் ‘தெரியாத செயலிகளை நிறுவுதல்’ என்பதை வாட்ஸ்அப்புக்கும் உலாவிக்கும் மறுத்து வையுங்கள். ‘பிளே புரொடெக்ட்’ என்னும் காவலை நிறுத்தாதீர்கள். வாட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்பை ஏற்படுத்தி, ஆறு இலக்க இரகசிய எண் ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள். இஃது என்னிடம் இருந்திருந்தால் பெரியவரின் பணம் போயிராது.

நான்காவது, அன்றாடச் செலவுக்கு ஒரு சிறு கணக்கையும், சேமிப்புக்கு வேறொரு கணக்கையும் வையுங்கள். கைப்பேசியோடும் அட்டையோடும் இணைந்த கணக்கில் சிறுதொகை மட்டும் இருக்கட்டும். நம் பாட்டிமார் அஞ்சறைப் பெட்டியில் ஒரு முடிச்சும் அரிசிப் பானையில் ஒரு முடிச்சும் வைத்ததற்குக் காரணம் இருந்தது.

ஐபோன் வைத்திருக்கும் இளைஞர்கள் ‘எங்களுக்கு ஏ.பி.கே. இல்லையே’ என்று மகிழ வேண்டா. போலித் தளத்தில் வங்கி அட்டை எண்ணை எழுதிக் கொடுப்பதற்கு எந்தக் கைப்பேசியும் போதும்.

இனி, ஏமாந்துவிட்டால் மீளும் வழி. இதை ஒரு தாளில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுமாறு வேண்டுகின்றேன். ஏனெனில் அந்நேரத்தில் மனம் வேலை செய்யாது.

ஒன்று: உடனே அக்கைப்பேசியின் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். விமானப் பயன்முறையில் வைப்பது எளிது. திருடனுக்கும் நம் கைப்பேசிக்கும் உள்ள கம்பியை அறுப்பது அது.

இரண்டு: வேறொருவர் கைப்பேசியிலிருந்து 1930-ஐ அழையுங்கள். வங்கியின் அவசர எண்ணையும் அழைத்து அட்டையையும், யு.பி.ஐ.யையும், இணையவழிக் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். வங்கிக்கு ஞாயிறு உண்டு. 1930-க்கு ஞாயிறு இல்லை. பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அஃது ஓடும் வழியில் உள்ள வங்கிகளுக்கு இச்செய்தி எட்டி, எந்த இடத்தில் பிடிபடுகின்றதோ அங்கே முடக்கப்படுகின்றது. முந்தினால் நம் பணம், பிந்தினால் அவன் பணம்.

மூன்று: 2019 முதல் நடைபெறும் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் எழுத்து மூலம் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் முகவரி ‘சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்’. காவல் நிலையத்திலும் வங்கிக் கிளையிலும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த நெறியில், வாடிக்கையாளர் பிழையின்றி வெளியார் செயலால் பணம் போனால், வங்கியின் அறிவிப்புக் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவர்க்கு இழப்பில்லை என்றும், கடவு எண் முதலியவற்றைத் தாமே கொடுத்து இழந்தவர், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேர்ந்த இழப்பைத் தாமே ஏற்க வேண்டும் என்றும் கூறப்பட்டது. எப்படிப் பார்த்தாலும் விரைந்து தெரிவிப்பவருக்கே நன்மை.

நான்கு: கைப்பேசியைத் துடைக்கும் முன் சான்றுகளைக் காத்து வையுங்கள். வந்த செய்தி, அனுப்பிய எண், செயலியின் பெயர், பணம் போன விவரம் ஆகியவற்றை வேறொரு கைப்பேசியால் படம் எடுங்கள். கோபத்தில் அனைத்தையும் அழித்துவிட்டால் காவலர்க்குக் காட்ட ஒன்றும் இராது.

ஐந்து: அதன்பின் அச்செயலியை நீக்குங்கள். நீங்க மறுத்தால், பாதுகாப்புப் பயன்முறையில் கைப்பேசியைத் திறந்து, அதற்குக் கொடுத்த நிர்வாக உரிமையையும் அணுகல் அனுமதியையும் பறித்து நீக்க வேண்டும். எல்லாவற்றினும் உறுதியானது, படங்களையும் எண்களையும் படி எடுத்துக்கொண்டு, கைப்பேசியை வாங்கிய நிலைக்கே மீட்டமைப்பது. கடவுச்சொற்களையும் யு.பி.ஐ. இரகசிய எண்ணையும் மாற்றுவது அதற்குப் பின்னரே, அல்லது வேறொரு தூய கைப்பேசியில். திருடன் உள்ளே இருக்கும்போது பூட்டை மாற்றுவதனால் பயன் யாது?

ஆறு: வாட்ஸ்அப்பில் நம் எண்ணை மீண்டும் பதிந்தால் திருடன் வெளியேற்றப்படுவான். அவன் இரகசிய எண் வைத்துப் பூட்டியிருந்தால் நாம் முழுமையாக உள்ளே செல்ல ஏழு நாள் காத்திருக்க நேரும். ஆயினும் அவன் வெளியேறிவிடுவான். அதற்கு முன்பே, நண்பர் உறவினர் அனைவரையும் அழைத்து, ‘என் பெயரில் வருவதைத் திறக்காதீர்கள்’ என்று சொல்லிவிடுங்கள். நான் அன்று மாலை ஒரே ஒருவருக்குச் சொல்லியிருந்தாலும் அவர் குழுவில் எழுதியிருப்பார்.

ஏழு: இரண்டாம் திருடனிடம் எச்சரிக்கையாய் இருங்கள். ‘இழந்த பணத்தை மீட்டுத் தருகின்றோம், முன்பணம் கட்டுக’ என்று ஒருவன் வருவான். என்னிடமும் வந்தான். காவல்துறை எனத் தன்னைச் சொல்லிக்கொண்டு 2,000 ரூபாய் கேட்டான். முடக்கிய பணம் திரும்புவது முறையான சட்ட வழியில் மட்டுமே. அதற்கு இடைத்தரகர் எவரும் இல்லை.

பெரியோர்களே! பிழைப்புத் தேடி வந்த ஊரில் நமக்கு உறவு இச்சங்கமே. மொழி புரியாத அலுவலகத்துக்குப் போகும்போது ஒருவர் துணை வருகின்றார்; நோயுற்றால் ஒருவர் இரத்தம் தருகின்றார்; ‘நம் ஆள் சொன்னார்’ என்றால் மறுகேள்வி இல்லை. அந்த நம்பிக்கையே நம் சொத்து. திருடன் என் கணக்கில் எடுத்தது அறுபத்திரண்டாயிரம். நம் குழுவில் எடுத்தது இந்த நம்பிக்கையை. பணத்தைச் சம்பளத்திலிருந்து மீண்டும் சேர்த்துவிடலாம். மகளின் கட்டணத்தையும் கடன் பெற்றுக் கட்டிவிட்டேன். நம்பிக்கையைச் சேர்ப்பதற்குச் சில ஏற்பாடுகள் வேண்டும். ஆதலின் மூன்று வேண்டுகோள்களைச் சங்கத்தின் முன் வைக்கின்றேன்.

முதலாவது, நம் வாட்ஸ்அப் குழுவில் இனி எவரும் செயலி எதனையும் அனுப்பலாகாது என்று தீர்மானிப்போம்; அழைப்பிதழைப் படமாகவோ எழுத்தாகவோ மட்டும் அனுப்புவோம். இரண்டாவது, ஒவ்வொரு திங்கட் கூட்டத்தின் முடிவிலும் அரைமணி நேரம் நம் பிள்ளைகள் ஒரு மேசை போட்டு அமர்ந்து, பெரியவர்களின் கைப்பேசிகளில் நான் சொன்ன காவல்களை அமைத்துக் கொடுக்கட்டும். அந்த மேசைக்குத் தலைமை ஏற்க ஒரு பெயரை நான் முன்மொழியத் தேவையில்லை. அச்சிறுமி இக்கூட்டத்தில்தான் அமர்ந்திருக்கிறாள். மூன்றாவது, ஏமாந்தவரை நாம் நகைக்கலாகாது. ‘இதுகூடத் தெரியாதா?’ என்னும் ஒரு சொல்லுக்கு அஞ்சியே நான் பதினெட்டு மணி நேரம் வாய் மூடியிருந்தேன். அச்சொல் இல்லாத சங்கத்தில் ஏமாந்தவன் உடனே ஓடிவந்து சொல்வான். அவன் பணமும் பிழைக்கும், அடுத்தவன் பணமும் பிழைக்கும்.

என் கவனக்குறைவால் மனம் வருந்திய பெரியவரிடமும், உங்கள் அனைவரிடமும் மன்னிப்பு வேண்டுகின்றேன்.